கழுத்துக்குக் கீழே வேட்பாளர்

கட்சியில் மொத்தம் ஐந்து பேர். அதில் நான்கு பேர் தலைவர்கள். ஐந்தாமவர் கூட்டம் நடக்கும் அறைக்குச் சொந்தக்காரர்.

அந்த அறை ஒரு வாஷிங் மெஷின் ரிப்பேர் கடையின் பின்பக்கம். கவிழ்த்துவைத்த டிரம்தான் தலைமைக்கழக மேசை. கடைக்காரர், கொள்கையின் அக்காவைக் கட்டியவர். கொள்கை என்பது பட்டப்பெயர். காபி குடித்த தம்ளரை யார் கழுவுவது என்று பேச்சு வந்தால்கூட 'இது கொள்கைப் பிரச்சனை' என்று எழுந்து போய்விடுவான் என்பதால் கல்லூரியில் வைத்தார்கள். அவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

வார்டு தேர்தலுக்கு மனு போட மறுநாள் கடைசி. வேட்பாளர் யார் என்று அன்றே ஓட்டுச்சீட்டு எழுதி முடிவு செய்ய வேண்டும். கொள்கைக்கு அதில் சந்தேகமே கிடையாது. மாமாவின் வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கி, கைகூப்பியபடி படம் எடுத்து, போஸ்டர் மாதிரிகூடத் தயார் செய்துவிட்டான். வீட்டில் மட்டும் ஒரு சிக்கல். படித்து முடித்தவன் வேலைக்குப் போகாமல் சுற்றுகிறானே என்று அக்கா பிடித்துக்கொண்டாள். வேட்பாளரானால் தேர்தல் முடியும்வரை அவள் வாய் திறக்க மாட்டாள், ஆகாவிட்டால் மறுநாள் காலை மாமாவின் கடையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார வேண்டும் என்று ஒப்பந்தம். அக்கா போடும் ஒப்பந்தத்தில் ஓட்டை இருக்காது.

மற்ற மூன்று தலைவர்கள்: சட்டம் படிக்கும் வக்கீல், டியூஷன் எடுக்கும் வாத்தியார், உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் பயில்வான். மூவருமே சொந்தப் பெயரைத்தான் சீட்டில் எழுதுவார்கள் என்று கொள்கைக்குத் தெரியும், ஏனென்றால் அவனும் அதைத்தான் எழுத இருந்தான். ஆகவே எழுந்து நின்று, தன் பெயரைத் தானே எழுதுவது ஜனநாயகத்துக்கு அழகல்ல, அதைத் தடைசெய்ய வேண்டும் என்றான். சொந்தப் பெயர் போனால் அவர்கள் வேறு யாரை எழுதுவார்கள்? எதிரே அவன்தானே நிற்கிறான்.

கையோடு இரண்டாவது விதியும் போட்டான். ஜெயித்தவர் எக்காரணம் கொண்டும் விலகக் கூடாது. தன்னுடைய அடக்கம் கடைசி நேரத்தில் காலை வாரிவிடுமோ என்ற முன்னெச்சரிக்கை. ஐவரும் டிரம்மின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள்.

சீட்டைக் கையில் வாங்கியதும் அவனுக்கு ஒரு நெருடல். இப்போது யார் பெயரை எழுதுவது? வக்கீலுக்குப் போட்டால் வக்கீல் ஏறிவிடுவான். வாத்தியாருக்கோ பயில்வானுக்கோ போட்டாலும் அதே ஆபத்து. யாருக்குப் போட்டால் அந்த ஓட்டு வீணாகும்? மூலையில் மோட்டார் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா கண்ணில் பட்டார். நிம்மதியாக அவர் பெயரை எழுதி மடித்தான்.

வாத்தியார் சீட்டுகளைப் பிரித்து வாசித்தார். மாமாவுக்கு நான்கு. கொள்கைக்கு ஒன்று.

தான் ஒருவன்தான் தந்திரசாலி என்று நினைத்திருந்த நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டிரம்மைப் பார்த்தார்கள். மாமா பெல்ட்டைக் கீழே வைத்தார்.

"எனக்கு எதுக்கு மாப்ள இதெல்லாம்? நீயே நில்லு."

கொள்கைக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் வக்கீல் தொண்டையைச் செருமினான். "விலகக் கூடாதுண்ணே. சத்தியம் பண்ணிருக்கோம்."

"அந்த ஒரு ஓட்டு யாருது?" என்று கேட்டான் பயில்வான்.

"என்னுதுதான். வேற யாருக்குப் போட்டாலும் ராத்திரி சோறு கிடையாதுன்னு இவன் அக்கா சொல்லிட்டா" என்றார் மாமா.

வக்கீல் கொள்கையின் பக்கம் திரும்பி விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். "அப்ப அவனவன் பேரை அவனவன் எழுதிருந்தா எங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. உனக்கு ரெண்டு. நீதான்டா ஜெயிச்சிருப்ப." அவன் வருத்தமாகத்தான் சொன்னான். ஆனால் உதடு அவன் பேச்சைக் கேட்கவில்லை.

அடுத்து போஸ்டர். மாமாவைப் புதிதாகப் படம் எடுக்க நேரம் இல்லை. போட்டோக்கடைக்காரர் கொள்கையின் தலையை மட்டும் எடுத்துவிட்டு மாமாவின் அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையைக் கொண்டுவந்து பொருத்தினார். கொள்கை தயங்குவதைப் பார்த்த மாமா ஆறுதலாகச் சொன்னார்: "சட்டை என்னோடதுதானே மாப்ள, பரவால்ல விடு."

மறுநாள் மனு போட்டுவிட்டு மாமா வீடுவீடாகக் கிளம்பினார். கட்சியின் எதிர்காலத் திட்டம் பற்றி யாரும் கேட்கவில்லையாம், தண்ணீர் வடியாத மெஷின் பற்றித்தான் கேட்டார்களாம். அக்கா ஒப்பந்தத்தை நினைவூட்டவே இல்லை. கடைச் சாவியைத் தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

கடைக் கதவில் போஸ்டர் ஒட்டியிருந்தது. பழுதான மெஷினோடு வந்த ஒரு பெண் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெக்கானிக் இல்லையா தம்பி?"

"ஓட்டுக் கேக்கப் போயிருக்காருங்க."

"அப்ப நீங்க யாரு?"

கொள்கை ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, போஸ்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, அதேபோல் கைகூப்பினான்.

"கழுத்துக்குக் கீழ நான்தாங்க."

அவள் கூர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பிறகு மெஷின் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். அடுத்த வாரம் கட்டாயம் முடித்துத் தருவதாக அவன் வாக்குறுதி கொடுத்தான்.