பதினேழாம் நம்பர் யன்னல்

கறுப்பு மட்டையில் வெட்டிய 17 என்ற எண்ணைப் பேர்பெச்சுவா மூன்றாவது தடவையாகக் கழற்றி, யன்னல் கண்ணாடியின் நடுவில் ஒட்டினாள். ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. திரைக்குப் பின்னால் பாலன் பிறப்புக் குடில் தயார். சட்டி நிறைய இஞ்சித் தேத்தண்ணி தயார். நூற்றி நாற்பது றோல்ஸும் பற்றிஸும் சாப்பாட்டு மேசையை மூடிக் கிடந்தன.

"ஆக்கள் வராட்டித் தவக்காலத்திலயும் எங்களுக்கு றோல்ஸ்தான்," என்றார் கணவர் அருட்பிரகாசம்.

 காலையிலிருந்து அவளுக்கும் அந்தப் பயம்தான்.

வைஸன்பாக் ஜெர்மனியின் தெற்கே மலைப்பக்கம் உள்ள சின்ன ஊர். டிசம்பர் பிறந்தால் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு யன்னல் அங்கே திறக்கும். முறை வந்த வீட்டுக்காரர் யன்னலைச் சோடித்துத் திரையால் மூடி வைப்பார்கள். ஆறு மணிக்குச் சனம் வாசலில் கூடும். திரை விலகும், இரண்டு பாட்டுப் பாடுவார்கள், சூடாக ஏதாவது குடிப்பார்கள், அரை மணித்தியாலத்தில் கலைந்துவிடுவார்கள். எல்லாம் வெளியிலேயே. அருட்பிரகாசத்துக்கு இங்கே சீஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வடக்கே தமிழர் நிறைய இருக்கிற ஹம் நகரத்திலிருந்து குடிவந்து ஐந்து வருடம். முதியோர் இல்லத்தில் அவளுக்கு டிசம்பர் முழுக்கப் பின்னேர வேலைதான் விழும் என்பதால், ஒரு யன்னலைக்கூட அவள் போய்ப் பார்த்ததில்லை. இந்த முறை பதினேழாந் திகதிக்கு லீவு கேட்டு வாங்கியிருந்தாள். கார்ஹிங் நகரத்தில் படிக்கும் மகள் லவினியாதான் பங்குக் கோயிலின் யன்னல் பட்டியலில் பெயரைக் கொடுத்தவள்.

ஹம்மில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மணியடிக்காமலே ஆட்கள் உள்ளே வருவார்கள், குசினி வரைக்கும் வந்து சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். இங்கே ஐந்து வருடத்தில் வாசற்படியைத் தாண்டியவர்கள் இரண்டே பேர்: மீற்றர் பார்க்கிறவரும், புகைக்கூண்டு துடைக்கிறவரும். முன்வீட்டு அம்மா பிறவ் ஸைலர் காலை வணக்கம் சொல்வார், பனி தள்ளவில்லை என்றால் அதையும் சொல்வார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. கோபமுள்ள மனுசி என்றும் சொல்ல முடியாது. கதவு கதவாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. முதலில் பிறவ் ஸைலர். பிறகு பேக்கரிக்காரர், பாட்டுக் குழுப் பெண்கள், பிள்ளைகளோடு ஒரு குடும்பம், இன்னும் இன்னும். பேர்பெச்சுவாவுக்கு மூச்சு வந்தது. கதவைத் திறந்து படியில் நின்றாள். பிறவ் ஸைலர் ஒரு நீலக் கோப்பையை அவள் முன் நீட்டினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, நெஞ்சோடு அணைத்து, உள்ளே நின்ற கணவரிடம் கொடுத்தாள். அதைப் பார்த்த பேக்கரிக்காரரும் தன் கோப்பையை நீட்டினார். அவருக்குப் பின்னால் எல்லாரும் ஒழுங்காக வரிசையில் வந்து நீட்டினார்கள். அருட்பிரகாசம் வாங்கி வாங்கிக் கண்ணாடி அலுமாரியில், லவினியா சிறுவயதில் கோயிலில் முதல்நன்மை எடுத்தபோது பிடித்த படத்துக்கு முன்னால், அடுக்கினார்.

"என்னப்பா, எல்லாரும் கோப்பையே தருகினம்? இதுக்குக் கைபிடி உடைஞ்சிருக்கு. பாவிச்ச சாமானை ஆர் பரிசாக் குடுப்பினம்?" என்றார்.

"இவையள் பழைய சாமானைத்தான் பெரிசா மதிப்பினம். சனிக்கிழமைச் சந்தையில பாக்கேல்லையே நீங்கள்? வடிவா அடுக்குங்கோ."

திரை விலகியது. சேலைக் கரையால் வானம் கட்டிய குடிலைக் கண்டு பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டினார்கள். இரண்டு பாட்டு முடிந்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. சனம் கையைத் தேய்த்தபடி கதவையே பார்த்து நின்றது. பேர்பெச்சுவா கடதாசிக் கோப்பைகளில் தேத்தண்ணியோடு வந்தபோது, பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கி, நாங்கள் தந்த கோப்பைகள் போதவில்லையா என்று கேட்டார்.

அவளுக்கு விளங்கவில்லை. அந்த நேரம்தான் பிந்திய ரயிலில் வந்திறங்கிய லவினியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அலுமாரியைப் பார்த்தாள். நாற்பத்திமூன்று கோப்பைகள். பையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, அது உங்களுக்குத் தந்ததில்லை. குப்பை சேரக்கூடாதெண்டு ஆக்கள் தங்கட தங்கட கோப்பையோட வருவினம். அதுக்குள்ள ஊத்திக் குடுக்கோணும். கோயில் கடதாசியிலயே போட்டிருக்கு."

பேர்பெச்சுவாவுக்குக் காது சுட்டது. ஊரையே வாசலில் நிற்கவைத்துக் கோப்பையைப் பறித்தவள் என்று நாளைக்குப் பேக்கரியில் கதை போகும். திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் எது யாருடையது? ஒரு நிமிடம் அவள் கதவுப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கதவை அகலத் திறந்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், நான் பிழை விட்டுவிட்டேன், எல்லாரும் உள்ளே வந்து உங்கள் கோப்பையைத் தேடி எடுங்கள் என்றாள்.

சனம் ஒருவரையொருவர் பார்த்தது. பிறகு பேக்கரிக்காரர் பெரிதாகச் சிரித்தபடி குனிந்து பூட்ஸைக் கழற்றினார். நடை முழுக்கப் பூட்ஸ் நிறைந்தது. அலுமாரிக்கு முன்னால் கம்பளிக் காலுறைகளின் நெரிசல். கோப்பையைக் கண்டவர்கள் றோல்ஸையும் கண்டார்கள். உறைப்பில் மூக்கு ஒழுகியவர்கள் தேத்தண்ணிக்குக் குசினிக்கே வந்தார்கள். பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி சட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "பாருங்கோ, ஹம் மாதிரியே," என்றார் அருட்பிரகாசம்.

பிறவ் ஸைலரும் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அலுமாரியை நெடுநேரம் பார்த்தார். முதல்நன்மைப் படத்தில் இருப்பது யார் என்று கேட்டார். ஒரு பற்றிஸ் தின்றார், இன்னொன்றும் தின்றார். எட்டு மணிக்குக் கடைசியாகப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனவரும் அவர்தான்.

அலுமாரியில் ஒரு கோப்பை மிஞ்சியிருந்தது. முதலில் வந்த நீலம்.

"ஐயோ, மறந்து போட்டா. ஓடிப்போய்க் குடுத்திட்டு வாறன்," என்று லவினியா கையை நீட்டினாள்.

"வேண்டாம், இருக்கட்டும். அவ மறக்கிற ஆளில்லை."

பேர்பெச்சுவா கோப்பையைக் கழுவித் துடைத்தாள். குடிலுக்குப் பக்கத்தில், 17க்குக் கீழே, வீதியிலிருந்து தெரியும்படி வைத்தாள். முன்வீட்டுக் குசினியில் இன்னும் விளக்கு எரிந்தது. வெளியே பனி மெல்ல விழத் தொடங்கி, படியிலிருந்து நாலாபக்கமும் போன அத்தனை பூட்ஸ் தடங்களையும் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தது.