நான்காம் மாடிப் பொறி

சாதியாவின் விரலில் பசை ஒட்டவில்லை. நான்காம் மாடித் தாழ்வாரத்துக் கம்பியில் கட்டியிருந்த கறுப்பு டப்பாவுக்குள் இன்னொரு தடவை விரலை விட்டுத் தடவினாள். வழுக்கியது.

அதுதான் கொசுப்பொறி. அடியில் வைக்கோல் ஊறிய தண்ணீர், உட்சுவரில் பசை. முட்டையிட வரும் கொசு அதில் ஒட்டிக்கொள்ளும். வாராவாரம் எண்ணிச் சொல்வது சாதியாவின் வேலை. எண்ணிக்கை ஏறினால், ஒருவருக்கும் காய்ச்சல் வருமுன்பே ஆட்கள் வந்து, கொசு முட்டையிடும் இடம் தேடி அந்த அடுக்குமாடிப் புளோக்கையே சல்லடை போட்டுச் சலித்துவிடுவார்கள். இந்தப் பொறியில் மட்டும் இரண்டு மாதமாக ஒன்றும் விழவில்லை. எட்டிப் பார்ப்பாள், பளிச்சென்று இருக்கும், கைபேசியில் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த மாடிக்குப் போவாள். உண்மையைச் சொன்னால், அந்தப் பூஜ்யம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிங்கப்பூர் ரோவல் ரோட்டுப் புளோக்குகளை ஏறி இறங்குகிறவளுக்கு ஒரு வேலை குறைந்தால் கசக்குமா? இப்போது இதே மாடியில் நாலு வீட்டில் டெங்கி.

எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு லீலா வந்தாள். தோளில் பை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தாள். மகன் ரித்திக் ஐசியூவில் கிடந்தான்.

“எப்படி இருக்கான்க்கா?”

“பிளேட்லெட் ஏறவே மாட்டேங்குதாம். லிவரும் போச்சுங்கிறாங்க. டாக்டர் என் கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்கிறாரு.” செருப்பை மாட்டியபடி லீலா டப்பாவைப் பார்த்தாள். “இந்த வாரமும் கழுவி வெச்சிட்டேன் லா. உள்ள ஒரே பிசுக்கு. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சாத்தான் போவுது.”

போன வருஷம் அவளுடைய மணிபிளாண்ட் குப்பியில் கொசுப்புழு இருந்ததென்று அபராதம் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து தேங்கிய தண்ணீரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சூடு கண்ட பூனை. யாரோ மறந்து விட்டுப்போன அழுக்கு டப்பா என்று நினைத்து, தன் வீட்டுப் பாத்திரம்போல் தேய்த்துக் கவனித்திருக்கிறாள்.

சாதியா வழுக்கும் விரலைத் துடைத்துக்கொண்டாள். சொல்லாமலே போய்விடலாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவானேன்? ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் தேய்ப்பாள், அடுத்த வாரமும் பூஜ்யம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

“அக்கா, இத இனிமே கழுவாதீங்க.”

“ஏன்?”

“அதுல கொசு ஒட்டணும்க்கா. ஒட்டினாத்தான் இங்க கொசு பெருகுதுன்னு எங்களுக்குத் தெரியும்.”

லீலா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நா கழுவாம இருந்திருந்தா?”

“எம்மேலயும் தப்புக்கா. நா ஒரு நாளும் தொட்டுப் பாக்கல.”

“அதக் கேக்கல. முன்னாடியே வந்திருப்பாங்களா?”

இல்லை என்று சொல்லச் சாதியா வாயெடுத்தாள். பொய் வரவில்லை.

“வந்திருப்பாங்க.”

லீலா தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டைப் பூட்டினாள். நடந்துபோய் லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள். லிஃப்ட் வந்து, திறந்து, அவள் ஏறாததால் மூடிக்கொண்டு இறங்கியது.

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் முன்னாடி போய் நிப்பேன், சாதியா?”

லீலா மறுபடியும் பொத்தானை அமுக்கினாள். இந்தத் தடவை உள்ளே ஒரு சீனப் பெரியவர் இருந்தார். கதவு மூடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் வருவாள் என்று நின்றார். லீலா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.