அடிக்குறிப்பு இல்லாத நட்சத்திரம்

1

இந்தக் கதை ஒரு பிணத்தைப் பார்த்து நான் சிரித்ததில் தொடங்கியது. பதற வேண்டாம், சினிமாப் பிணம். ஏதோ ஒரு பழைய படம். கதாநாயகன் நெஞ்சில் அடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக வசனம் பேசுகிறான். அவன் காலடியில் கிடக்கும் பிணம் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்துத் தண்ணீர் குடிக்கும்போதுதான், பிணமாக நடித்த அந்தப் பெண் சாயங்காலம் வீட்டுக்குப் போய் இன்றைக்கு என்ன வேலை பார்த்தேன் என்று யாரிடம் சொல்லியிருப்பாள் என்று ஒரு யோசனை வந்தது. புரையேறிவிட்டது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். என்னை நினைக்க அந்த நேரத்தில் ஆளில்லை. ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவன்". அடித்துவிட்டேன். கதையில் மழையே இல்லை.

இரண்டாவது: "அவன் வாழ்க்கையில் தோற்றவன்." இதையும் அடித்தேன். வாசகருக்கு இன்னும் முகம்கூடக் காட்டாத ஒருவனைப் பற்றி முதல் வரியிலேயே கோள் சொல்வது அழகல்ல.

மூன்றாவது, கீழே.

2

தளக்காரன் பகலில் வசனவரி எழுதுகிறவன். வேற்றுமொழிப் படங்களில் ஆட்கள் பேசும்போது திரையின் அடியில் ஓடுமே, அந்த எழுத்துகள் அவனுடையவை. மீதி நேரத்தில் அவன் நடத்துவது 'கவிழ்ந்த காட்சிகள்' என்ற இணையதளம். மோசமான படங்களின் மோசமான காட்சிகளை வெட்டியெடுத்து, சிவப்பு அம்புக்குறி ஒன்று போட்டு, மேலே இரண்டு வரி எழுதி, உலகத்தின் பார்வைக்கு வைப்பது. உலகம் என்றால் ஒரு நாளைக்கு முந்நூறு பேர்.

மலை உச்சியிலிருந்து வெள்ளையாகப் புறப்பட்டுப் பள்ளத்தில் நீலமாக விழும் கார். ஆறு குண்டுத் துப்பாக்கியில் பதினேழு முறை சுடும் போலீஸ். ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கதறும் அப்பா. காதலர்கள்மேல் மட்டும் பெய்யும் மழையும், பின்னால் நனையாமல் சைக்கிளில் போகிற ஒருவரும். [மழை இல்லை என்று சொன்னேன். சினிமா மழை கணக்கில் சேராது.]

தளம் தொடங்கி ஆறு வருஷம். முதல் நாலு வருஷம் அதை நடத்தியவர்கள் இரண்டு பேர். மற்றவள் அதே அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி. அவன் மேலே எழுதுவான். அவள் ஒரு நட்சத்திரம் போட்டுக் கீழே குறிப்பு எழுதுவாள். பாதி வாசகர்கள் மேல்வரியைத் தாண்டி நேரே கீழேதான் போனார்கள். அவளுக்கு அடிக்குறிப்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் அவனை முதலாளி என்பாள். தொழிலுக்கு முதல் போட்டவள் அவள்தான்: படங்கள் எல்லாம் அவளுடைய ஹார்ட் டிஸ்கில் இருந்தன. தூசி படக்கூடாது என்று அதை ஒரு கம்பளிச் சாக்ஸுக்குள் போட்டு வைத்திருப்பாள். ஒற்றைச் சாக்ஸ். ஜோடி எங்கே என்று அவன் ஒருமுறை கேட்டதற்கு, ஜோடி சேராததற்குத்தான் இந்த மாதிரி வேலை கிடைக்கும் என்றாள்.

[அவன் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறீர்களா? நானும் அதைத்தான் சொல்கிறேன். பாத்திரம் கேட்க மாட்டேன் என்கிறது.]

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியையும் மூன்று தடவை பார்ப்பது அவர்கள் வழக்கம். ஒரு தடவை சத்தத்தோடு, ஒரு தடவை சத்தமில்லாமல், மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும். அவன் முதல் தடவையிலேயே சிரித்துவிடுவான். அவள் பெரும்பாலும் இரண்டாவதில். சிலவற்றுக்கு அவள் சிரிக்கவே மாட்டாள்; அவற்றுக்குத்தான் நீளமான குறிப்பு எழுதுவாள்.

3

நான் தயங்கிக்கொண்டே வரும் இடம் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிணம் வந்தது. என் பிணத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். கதை எழுதுகிறவனிடம் வேறு என்ன சொத்து இருக்கிறது?

அவன் எழுதிய மேல்வரி: "நடிப்பில் உயிர் வேண்டும் என்றார் இயக்குநர். தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று பிணம் எடுத்துக்கொண்டது.*"

அவள் எழுதிய குறிப்பு இப்படித் தொடங்கியது: "இந்தப் பெண் தவறிப்போய் மூச்சு விடுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால்"

அவன் அதற்குமேல் படிக்கவில்லை. குறிப்பு பதினைந்து வரி ஓடியது. 'ஏனென்றால்' என்று தொடங்கும் நகைச்சுவையை உலகத்தில் யாரும் கேட்டதில்லை என்பது அவன் கட்சி. அவளிடம் சொல்லாமலே மொத்தக் குறிப்பையும் நீக்கிவிட்டுக் காட்சியை ஏற்றிவிட்டான். அவசரத்தில் மேலே இருந்த நட்சத்திரத்தை எடுக்க மறந்துபோனான்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. சண்டையெல்லாம் இல்லை. ஒரு மாதத்தில் அலுவலகத்தை விட்டும் போய்விட்டாள். நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்கிற வேலை. போகும்போது சொன்னது ஒரே வாக்கியம்: "அங்க யாரும் ஒரு வரியக்கூட நீக்க முடியாதாம், முதலாளி."

அவனும் சிரித்தான். அது பகடி என்று நினைத்துச் சிரித்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக, மூன்று தடவை பார்க்கும் வழக்கத்தை அவன் விடவில்லை. மூன்றாவது தடவை கண்ணை மூடும்போது பக்கத்து நாற்காலி கிறீச்சிடுவதற்காகக் காத்திருப்பான். அந்த நாற்காலியில் இப்போது பிரிண்டர் இருக்கிறது. அது கிறீச்சிடும், ஆனால் வேறு மாதிரி.

4

பிறகு கடிதம் வந்தது. "வணக்கம். உங்கள் தளத்தில் இருக்கும் பிணம் என் அக்கா" என்று தொடங்கியது.

எழுதியவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. தளக்காரன் எழுந்து நின்றுகொண்டுதான் மீதியைப் படித்தான். திட்டு வாங்கும்போது நின்று வாங்குவது பள்ளிக்கூடத்துப் பழக்கம். திட்டு வரவில்லை.

அக்கா கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் துணை நடிகை. அவளுக்குக் கிடைத்த ஒரே தனிக் காட்சி அது. தங்கைக்கு அப்போது எட்டு வயது. அக்கா செத்துப்போவதைப் பார்க்க மாட்டேன் என்று தியேட்டருக்கு வர மறுத்து அடம்பிடித்திருக்கிறாள். "அக்கா சொன்னாள்: 'நான் மூணு தடவை மூச்சு விட்டிருக்கேன்டி. டைரக்டருக்குக்கூடத் தெரியாது. உனக்காகத்தான். எண்ணிக்கோ.' தியேட்டரில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்."

அக்கா போய்ப் பதினாலு வருஷம். புகைப்படங்கள் நிறைய இருக்கின்றனவாம். மூச்சு விடுகிற படம் இது ஒன்றுதான்.

"உங்கள் துண்டில் இரண்டு மூச்சு வருகிறது. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடுகிறது. மூன்று எண்ணியதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆசையில் நானே ஒன்றைச் சேர்த்துக்கொண்டேனோ என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது. முழுக் காட்சி இருந்தால் காட்ட முடியுமா? இன்னொன்று. வரியின் கடைசியில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. கீழே எதுவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அங்கே என்ன எழுதியிருந்தது?"

தளக்காரனிடம் இருந்தது அந்தத் துண்டு மட்டும்தான். இடம் அடைக்கிறது என்று வெட்டிய துண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிப்பது அவன் வழக்கம். ஆனால் மூன்றாவது மூச்சை ஒட்டவைக்க அவனுக்கு நாலு நிமிஷம் போதும். ஒட்டவும் செய்தான். முதல் மூச்சை நகலெடுத்து, இரண்டாவதற்குப் பின்னால் வைத்து, அம்புக்குறியை நகர்த்தினான். அச்சு அசல். கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துவிட்டு, நட்சத்திரத்துக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தான். மூச்சை ஒட்டலாம். 'ஏனென்றால்' என்பதற்கு அப்புறம் என்ன ஒட்டுவது?

நகலை அழித்தான். போனை எடுத்தான்.

5

[இந்தத் தொலைபேசி உரையாடலை ஏழு தடவை எழுதினேன். ஒன்றில் அவள் அழுதாள். ஒன்றில் அவன் அழுதான். ஒன்றில் எண் உபயோகத்தில் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது, அவனுக்கு இல்லை. எட்டாவது இது.]

"என்ன முதலாளி, நம்பர் மாத்திப் போட்டுட்டியா?"

"இல்ல. ஒரு பிணம் விஷயமா கூப்பிட்டேன்."

"மூச்சு விடுமே, அதுவா?"

"அதேதான்."

அவன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினான். முடிந்ததும், டிஸ்க் இருக்கிறது, சாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றாள். போனை வைக்கப் போனவளை அவன் நிறுத்தினான்.

"அந்தக் குறிப்புல என்ன எழுதியிருந்தே?"

"நீ படிக்கலையா?"

"ஏனென்றால் வரைக்கும் படிச்சேன்."

"ரெண்டு வருஷமா ஏனென்றால்லயேவா நிக்கிறே?"

"ஆமா."

"நல்லா நில்லு," என்றாள் அவள். "அவங்ககிட்ட சொல்றேன். உன்கிட்ட இல்ல."

6

கண்ணாடிக் கடை குறுகலாக, நீளமாக இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணில்லாத கண்ணாடிகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்கார அம்மா அறுபதைத் தாண்டியவர். வந்தவர்களை உட்காரவைத்த உடனே தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"தம்பிக்கு இடது கண் கொஞ்சம் மங்கல்போல இருக்கே. வேலை கம்ப்யூட்டர்லயா?"

"மங்கல் எல்லாம் ரொம்ப நாளாவே இருக்கும்மா," என்றாள் அடிக்குறிப்பு. "பக்கத்துல இருக்கிறதுதான் தெரியாது."

இரண்டு பெண்களும் கண் பரிசோதிக்கும் உள்ளறைக்குப் போனார்கள். கறுப்புத் திரை விழுந்தது. தளக்காரன் வெளியே நின்று, செய்வதறியாமல் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் பார்த்தான். எதிலும் அவன் முகம் தேறவில்லை. உள்ளே அவளுடைய குரல் தாழ்ந்து கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. பதினைந்து வரி பேசும் நேரம் ஆனது. பிறகு அம்மா சிரித்தார். பிறகு மூக்கைச் சிந்தினார். திரை விலகியபோது அவனைப் பார்த்து, "நல்லாத்தான் எழுதியிருக்கு, ஏன் தம்பி எடுத்தீங்க?" என்றார்.

அவன் கையிலிருந்த கண்ணாடியைச் சுவரில் திரும்ப மாட்டினான். குறிப்பில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது. திரைக்கு இந்தப் பக்கம் நானும் அவனோடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

பில் போடும் கம்ப்யூட்டரில் டிஸ்கைச் செருகினார்கள். அம்புக்குறி இல்லாமல், வெட்டு இல்லாமல், முழுக் காட்சி ஓடியது. நாயகன் கதறினான். அவன் சட்டையின் விலைச்சீட்டு காலருக்குப் பின்னால் எட்டிப்பார்த்தது. நாலு வருஷப் பழக்கத்தில் இரண்டு பேர் கண்ணிலும் அது ஒரே நேரத்தில் பட்டது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஒண்ணு," என்றார் அம்மா.

நாயகன் வானத்தைப் பார்த்து நியாயம் கேட்டான்.

"ரெண்டு."

தளக்காரன் வெட்டிய இடம் தாண்டியது. நாயகன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அம்மா சட்டென்று தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது இல்லாமல் அவருக்குத் திரை வெறும் பனிமூட்டம்.

"என்னால முடியல. நீங்க பார்த்துச் சொல்லுங்க," என்றார். காட்சி முடிந்து திரை கறுப்பானது.

"விட்டாளா?"

7

முடிவு அ: விட்டாள். மூன்றாவது மூச்சு முதல் இரண்டையும்விடப் பெரிதாக, வேண்டுமென்றே விட்டதுபோல் இருந்தது. இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. எனக்குக் கண் கலங்கினால் கதை கெட்டது என்று அர்த்தம்.

முடிவு ஆ: விடவில்லை. கேமரா நாயகன் முகத்துக்குப் போய்விட்டது. அக்கா விட்டிருந்தாலும் படத்தில் இல்லை. ஆனாலும் தளக்காரன் "விட்டாங்கம்மா" என்கிறான். இதில் அவன் நல்லவனாகிவிடுகிறான். அதுதான் இடிக்கிறது. நாலு நிமிஷத்தில் ஒட்டவைத்த மூச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முடிவு இ: விடவில்லை, அவன் உண்மையைச் சொல்கிறான், அம்மா தலையை ஆட்டி, "அப்போ நான்தான் ஒண்ணு சேர்த்து எண்ணிட்டு இருந்திருக்கேன்" என்று

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்கள். நாலு வருஷத்தில் ஒரு காட்சிக்குக்கூட அவர்கள் ஒரே மாதிரி எழுதியதில்லை. சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருஷமாக அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதே அவர் தொழில்.

பேருந்து நிறுத்தத்தில் அடிக்குறிப்பு டிஸ்கைச் சாக்ஸுக்குள் போட்டு வாயை முடிந்தாள்.

"அந்த நட்சத்திரம் தளத்துல இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"கீழே?"

"காலி."

"இருக்கட்டும். எடுத்துடாதே."

ஏன் என்று அவன் கேட்பதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தளக்காரன் வீட்டுக்குப் போய்ப் பக்கத்து நாற்காலியிலிருந்து பிரிண்டரை இறக்கித் தரையில் வைத்தான். இதற்குமேல் அவனைப் பற்றி எதுவும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மிச்சம் ஒன்று இருக்கிறது. அந்தக் கடையில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் நான் உட்காரவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். அதில் உட்கார்ந்திருந்தது, இத்தனை நேரம் கூடவே வந்த நீங்கள்தான். திரை இப்போதுதான் கறுத்திருக்கிறது. மடியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, நீங்கள் இருக்கும் திசையாகப் பார்த்து, அந்த அம்மா அதே கேள்வியைக் கேட்கிறார்.*


*