கண்ணாடிப் பெட்டிச் சாமி

என் வீட்டுக்காரர் தனபாலுக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. சங்ககிரியில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவர். முருகன் துணை, மாதா துணை, எதைக் கேட்டாலும் கோணாமல் எழுதிக் கொடுப்பார். ஒன்றையும் கும்பிட மாட்டார். நானும் அந்த ரகம்தான். பதிவுத் திருமணம் செய்துகொண்டு இரண்டு வீட்டாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒன்றேகால் கிலோ. சேலத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூச்சு சீரானால் பிழைத்துக்கொள்வாள், அதற்குமேல் இப்போது சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். நான் தையல் வலியோடு மாடி வார்டில் கிடந்தேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் சாயங்காலம் பத்து நிமிடம் உள்ளே போக அனுமதி.

நான்காம் நாள், குழந்தைக்கு என்னிடம் பால் வாங்கிப்போக வந்த நர்ஸ் வினோலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை.

"அண்ணன் சாமி சாமின்னு உருகி வேண்டிக்கிறாரு. பாதியில அனுப்ப மனசே வரலைக்கா. அரை மணி நேரம் விட்டுடறேன்" என்றாள்.

சிரிப்பில் தையல் பிரிந்துவிடும் போலிருந்தது. எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அந்த மனுஷன் மகளைக் கூப்பிட்டிருக்கிறார், இவள் வேண்டுதல் என்று நினைத்திருக்கிறாள்.

அவர் வந்ததும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது.

"பொய்யச் சொல்லிப் புள்ளைகிட்ட நிக்கமாட்டேன் மைதிலி" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், உங்கள் கொள்கையா அவளுக்கு மூச்சு கொடுக்கப் போகிறது என்று ஒரு பிடி பிடித்தேன். கேட்டால்தானே. அன்று சாயங்காலமே வினோலியாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அவள் சரியாகப் பத்தாவது நிமிடம் அவரை வெளியே அனுப்பக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். திரும்பி வந்தவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சாமிக்கு இன்றைக்கு ரொம்ப மூச்சு வாங்குகிறது என்று மட்டும் சொன்னார். அவரைத் திட்ட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் என்னையும் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே கூட்டிப்போனார்கள். அப்போதுதான் என் மகளை முதல்முறை பார்த்தேன். என் உள்ளங்கை அளவுக்கு நெஞ்சு. அது ஏறுவதும் இறங்குவதுமாகக் கிடந்தது. பத்து நிமிடம் ஆனதும் அவர் தானாகவே கதவுப் பக்கம் திரும்பினார்.

"இருங்கண்ணா" என்றாள் வினோலியா. "நீங்க கூப்பிடறப்போ மூச்சு கொஞ்சம் சீராகுது. நேத்து உங்கள அனுப்புனதுக்கப்புறம்தான் அதை நெனச்சேன். கூப்பிடுங்க."

அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

நான் பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை விட்டு அவள் பாதத்தைத் தொட்டேன்.

"சாமி, எங்கயும் போயராத சாமி. எங்களுக்கு வேற ஒன்னும் வேண்டாஞ் சாமி."

சொல்லிய பிறகுதான் யோசித்தேன், யாரிடம் சொன்னேன் என்று. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

உள்ளே அவள் முகத்தைச் சுளித்து, இத்தனூண்டு வாயைத் திறந்து, நன்றாகக் கொட்டாவி விட்டாள்.