ஆர்கிரோ இறங்கவில்லை

என் தங்கை ஆர்கிரோவை அவள் கணவன் ஸ்டெர்யோஸ் விட்டுப் போனது மே மாதத்தில். எங்கள் லாரிஸா சமவெளி முழுக்கப் பருத்தி விதைத்துவிட்டு, சொட்டுநீர்க் குழாய்க்கு ஆளாய்ப் பறக்கிற பருவம் அது. அந்தக் குழாய்களை ஊர் ஊராகப் போய் விற்கிறவன் ஸ்டெர்யோஸ். கார்டிட்ஸாவில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தஃப்னி என்ற பெண்ணோடு வாழப் போவதாகச் சமையலறையில் நின்றபடியே சொன்னான். இரண்டு பெட்டிகளைக் காரில் ஏற்றினான். போய்விட்டான். மகள் மிர்சினிக்குப் பதினாலு வயது. அன்று அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பாவின் சட்டைகள் இருந்த அலமாரி காலியாக இருந்தது.

ஆர்கிரோ பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் போடும் பார்லரில் வேலை செய்கிறவள். ஊர்க் கதையெல்லாம் அவள் கத்தரிக்கோலுக்குக் கீழேதான் நடக்கும். இப்போது அவள் கதையே ஊர்க் கதையாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவளும் கண்ணாடி வழியாகவே அவர்களைத் திருப்பிப் பார்த்தாள்.

ஒவ்வொரு ஜூலையிலும் நாங்கள் இரண்டு குடும்பமும் ஸ்கியாதோஸ் தீவுக்குப் போவோம். அசிமீனா என்கிற ஒரு அம்மாளின் வீட்டு மாடியில் அதே இரண்டு அறைகள், பல வருஷமாக. இந்த முறை அவர்கள் அறை வேண்டாம் என்று ஸ்டெர்யோஸே அசிமீனாவுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறான். இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவமானத்தில் வீட்டோடு கிடப்பாள் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான். விஷயம் தெரிந்ததும் ஆர்கிரோ அசிமீனாவைக் கூப்பிட்டு, அறை எனக்கு வேண்டும் என்றாள். நானும் தடுத்துப் பார்த்தேன். தீவில் எல்லாருக்கும் அவனைத் தெரியும், ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள், ஒரு வருஷம் போகட்டுமே என்றேன்.

"விசாரிக்கட்டும்க்கா. நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்றாள்.

விசாரிக்கத்தான் செய்தார்கள். கப்பலை விட்டு இறங்கியதும் ரொட்டிக்கடைக்காரர் கேட்டார், எங்கே நம்ம ஸ்டெர்யோஸ் என்று. நான் பேச்சை மாற்ற வாயைத் திறப்பதற்குள் ஆர்கிரோ கணீரென்று சொன்னாள். "என்னை விட்டுட்டுப் போயிட்டாரு. வேற பொண்ணு. எள்ளு போட்ட ரொட்டி ரெண்டு குடுங்க." வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். காய்கறிக்காரரிடமும் இதே பதில். கோயில் வாசலில் பாதிரியார் கேட்டபோதும் இதே பதில்தான், ரொட்டி மட்டும் இல்லை. என் கணவர் அப்போஸ்டோலிஸ் அவளோடு கடைத்தெருவுக்குப் போகவே பயந்தார். அவர் சாதுவான மனிதர். உணவகத்தில் உப்பு அதிகமாக இருந்தாலும் அருமை என்று சொல்லிவிட்டு வருகிறவர். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். இரண்டாம் நாளுக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. இவள் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுக்கவும் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாளே.

அந்த வாரத்தில் ஒரு நாள் தீவைச் சுற்றி வரும் படகில் போவது எங்கள் வழக்கம். கேப்டன் யன்னூலிஸின் மரப் படகு. காலையில் பழைய துறைமுகத்தில் ஏறினால் வடக்குக் கரையைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பலாம். படகின் முன்பக்கத்தில் நீலச் சாயம் அடித்த ஒரு நீள பெஞ்சு உண்டு. வருஷா வருஷம் நாங்கள் உட்காருகிற இடம். அன்று அதை நோக்கிப் போன மிர்சினி நடுவழியில் நின்றுவிட்டாள். அங்கே ஸ்டெர்யோஸ் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த தஃப்னி.

அவனும் எங்களைப் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கேப்டன் யன்னூலிஸ் கயிறு அவிழ்ப்பதை விட்டுவிட்டு, அவனைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார்.

ஸ்டெர்யோஸ் எழுந்து ஆர்கிரோவிடம் வரவில்லை. என் கணவரிடம் வந்தான். அவரைத் தோளில் தொட்டு ஓரமாக அழைத்துப் போய்க் கெஞ்சினான். தீவின் அந்தக் கோடியில் ஓட்டலில் தங்கியிருக்கிறார்களாம். இவள் வருவாள் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். படகு இன்னும் கிளம்பவில்லை, தயவுசெய்து கூட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள், சண்டை வேண்டாம், மகள் முன்னால் வேண்டாம் என்றான்.

"நீங்களாவது சொல்லுங்க சகலை. நீங்க சொன்னா கேப்பா."

என் கணவர் தலையைச் சொறிந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவனுக்கு எதிராக வாய் திறந்தார். "நான் டிக்கெட் வாங்கிட்டேனே சகலை. தொப்பிகூடப் புதுசு" என்றார். அவருக்கு வந்த வீரம் அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆர்கிரோ இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பையைத் தூக்கிக்கொண்டு நேராக முன்பக்கம் போனாள்.

"நான் எதுக்கு இறங்கணும்? என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஊர் பாக்க வந்திருக்கேன். உனக்குக் கூச்சமா இருந்தா நீ இறங்கு, நான் தடுக்கல" என்றாள் அவனிடம். பிறகு தஃப்னியைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றாள்.

தஃப்னி தள்ளி உட்கார்ந்தாள். அந்த பெஞ்சில் ஆர்கிரோ, மிர்சினி, நான், என் கணவர், கோடியில் தஃப்னி. ஸ்டெர்யோஸுக்கு இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். படகு கிளம்பிவிட்டது.

பைன் மரங்கள் முடிந்து வெள்ளைப் பாறைகள் தொடங்கின. தஃப்னி பார்க்கக் கெட்ட பெண்ணாகத் தெரியவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முப்பது வயது இருக்கும். சும்மா இருந்திருக்கலாம், ஆனால் சிலருக்கு மௌனம் தாங்காது. மிர்சினியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். உன் அப்பாவுக்கு உன்மேல் உயிர், ஈஸ்டருக்கு ஆதோஸ் மலை மடத்துக்குப் போனபோதுகூட உனக்காகத்தான் மெழுகுவத்தி ஏற்றினாராம் என்றாள்.

ஆதோஸ் மலைக்குப் பெண்கள் போக முடியாது. போனிலும் பிடிக்க முடியாது. எங்கள் நாட்டில் ஒரு ஆண் நான்கு நாள் காணாமல் போக அதைவிட வசதியான இடம் கிடையாது.

மிர்சினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த மடம்? ஈஸ்டருக்கு அப்பா எங்க வீட்டு முற்றத்துல ஆட்டுக்குட்டி சுட்டுக்கிட்டு இருந்தாரு. நான்தான் பக்கத்துல நின்னு எலுமிச்சம்பழம் தடவினேன். பெரியம்மாவும் வந்திருந்தாங்க, கேட்டுப் பாருங்க."

தஃப்னி என்னைக் கேட்கவில்லை. ஸ்டெர்யோஸைத்தான் பார்த்தாள். "ரெண்டு வருஷமா தனியா இருக்கேன்னு சொன்னியே" என்றாள். அது அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னதுதான், ஆனால் காற்று எங்கள் பக்கம் அடித்தது.

அவன் கையை விரித்தான். "இதெல்லாம் பேசற இடமா இது?"

"இடத்தை நீதான் தேர்ந்தெடுத்த. பேசு, நாங்க காதைப் பொத்திக்க மாட்டோம்" என்றாள் ஆர்கிரோ.

தஃப்னி எழுந்து படகின் பின்பக்கம் போய், கயிற்றுச் சுருள்மேல் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

லலாரியாவில் படகு கரைக்குச் சற்றுத் தள்ளியே நின்றது. வெள்ளைக் கூழாங்கல் கரை, அதன் ஓரத்தில், நடுவே ஓட்டை விழுந்த ஒரு பெரும் பாறை. ஆட்கள் ஏணி வழியாக இறங்கி நீந்திப் போனார்கள். இத்தனை வருஷமும் ஸ்டெர்யோஸ் தண்ணீரில் குதிப்பான், மிர்சினி பின்னாலேயே குதிப்பாள், ஆர்கிரோ படகிலேயே உட்கார்ந்து பைகளையும் செருப்புகளையும் காவல் காப்பாள். யாராவது ஒருத்தர் இருக்க வேண்டுமே என்பான் அவன். அந்த யாராவது எப்போதும் அவள்தான்.

அன்று அவள் கவுனைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். உள்ளே கறுப்பு நீச்சலுடை. நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணின் உடம்பு, பிள்ளை பெற்ற வயிறு, நாள் முழுக்க நின்று வேலை செய்ததில் நரம்பு சுருண்ட கால்கள். எதையும் மறைக்கவில்லை. தன் பை, மிர்சினியின் பை, என் பை, எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கி ஸ்டெர்யோஸின் கையில் கொடுத்தாள்.

"பாத்துக்கோ. யாராவது ஒருத்தர் இருக்கணும்ல."

அவன் பழக்க தோஷத்தில் வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது போலிருந்தது. அதற்குள் அவள் குதித்துவிட்டாள். நீந்தத் தெரியும் என்றாலும் அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நாய் நீந்துவது போலத் தலையைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, அந்தப் பாறை ஓட்டையை நோக்கிப் போனாள். நான் பின்னாலேயே போனேன், பயந்துகொண்டே. பாறைக்கு அடியில் தண்ணீர் திடீரென்று ஐஸாகக் குளிர்ந்தது. அங்கே ஒரு கணம் நின்று மிதந்தாள். போதும், திரும்பலாம் என்றேன். "நீ திரும்புக்கா. எனக்கு அந்தப் பக்கம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு நுழைந்து மறுபக்கம் போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை ஸ்டெர்யோஸ் மூன்று பைகளோடு நின்றுகொண்டிருந்தான். மாலுமிப் பையன்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேப்டன் யன்னூலிஸ் அவர்களை அதட்டினார், ஆனால் அவர் மீசையும் துடித்தது.

சாப்பாட்டுக்குக் காஸ்ட்ரோ கரையில் நிறுத்தினார்கள். தக்காளியும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் வறுத்த நெத்திலியும் தர்பூசணியும் கொண்டுபோயிருந்தோம். தஃப்னி வந்து எங்கள் துண்டு விரிப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அழுதிருந்தாள். எனக்கு எதுவும் தெரியாது, குடும்பம் எப்போதோ முறிந்துவிட்டது என்று நம்பித்தான் பழகினேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றாள். நானாக இருந்தால் உருகியிருப்பேன்.

ஆர்கிரோ தர்பூசணி வெட்டுவதை நிறுத்தவில்லை. "உனக்குத் தெரியலன்னு நான் நம்பறேன். ஆனா உனக்கு ஆறுதல் சொல்ற வேலை எனக்கு வேண்டாம். இப்போ உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நீ என்ன செஞ்சாலும் தெரிஞ்சு செய்யறதுதான்" என்றாள். அதற்குப் பிறகு, வெட்டிய துண்டுகளில் ஒன்றை அவளிடமும் நீட்டினாள். அன்பினாலா, அல்லது கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஆள் நின்றதாலா, எனக்குத் தெரியாது. தஃப்னி வாங்கிக்கொண்டு போனாள்.

தெற்கே திரும்பி வரும்போது அவர்கள் ஓட்டல் இருந்த கரையில் படகு நின்றது. ஸ்டெர்யோஸ் முதல் ஆளாக இறங்கி, இறங்கும் பலகையின் முனையில் நின்று தஃப்னிக்காகக் கையை நீட்டினான். அவள் எழுந்திருக்கவில்லை. ஓட்டலில் இருக்கும் என் பெட்டியை அப்புறம் அனுப்பிவிடு என்று மட்டும் சொன்னாள். அவன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பிறகு மகளைக் கூப்பிட்டான்.

"மிர்சினி, நீயாவது வாம்மா. ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டுப் போலாம்."

மிர்சினி அம்மாவைப் பார்த்தாள். போகணும்னா போ, நான் கோவிச்சுக்க மாட்டேன் என்றாள் ஆர்கிரோ, நிஜமாகவே சொன்னாள். மிர்சினி கொஞ்சம் யோசித்தாள். "இன்னிக்கு வேணாம்ப்பா. போன் பண்ணிட்டு வாங்க" என்றாள். கேப்டன் பலகையை இழுத்துக்கொண்டார்.

தஃப்னி அந்த வாரமே கார்டிட்ஸாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அக்டோபரில் விவாகரத்துக்கு மனு போட்டது ஆர்கிரோ, அவன் அல்ல. டிசம்பர் மழையில் ஒரு சாயங்காலம் ஸ்டெர்யோஸ் அவள் வாசலில் வந்து நின்றான். தப்பு செய்துவிட்டேன், திரும்பி வருகிறேன் என்றான். நான் அப்போது உள்ளே இருந்தேன். "பசிக்குதுன்னா சொல்லு, பீன்ஸ் சூப் இருக்கு, கட்டித் தர்றேன். வீட்டுக்குள்ள இடமில்ல" என்றாள். அவன் சூப்பை வாங்கிக்கொண்டு போனான். மிர்சினி மாதம் இரண்டு தடவை அவனைப் பார்க்கிறாள். அதுவும் சரிதான்.

உன் தங்கைக்கு நெஞ்சு கல்லா, ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையா என்று என்னை இன்றைக்கும் கேட்கிறார்கள். அழுதாள். அந்த ஜூலையில் நாங்கள் ஊருக்குப் போக வோலோஸ் துறைமுகத்துக்குத் திரும்பிய கப்பலில், மேல்தளத்தில், நட்டநடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். தீவு கண்ணுக்கு மறைந்ததும் ஆரம்பித்தவள், எதிர்க்கரை மலைகள் தெரியும்வரை நிறுத்தவில்லை. முகத்தைக் கைக்குட்டையால் மூடவில்லை, கறுப்புக் கண்ணாடி போடவில்லை, ஓரமாகவும் போகவில்லை. என் கணவர் தாங்க மாட்டாமல் காபி வாங்கப் போனவர், காபி இல்லாமலே திரும்பி வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தம்பதி எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் நெளிந்தார்கள். அந்த அம்மாள் கடைசியில், ஏதாவது வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாங்க. அழுதுட்டிருக்கேன். முடிஞ்சதும் நிறுத்திடுவேன்" என்றாள் ஆர்கிரோ.