சொந்த உபயோகம்

மூன்றாவது மாடி வீட்டுக் கிழவருக்கு ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை. முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, இரண்டு விரலால் அவள் தட்டித் தட்டிப் பார்த்தாள். கையை நன்றாக மூடும்படியும், யார் மேலாவது கோபம் இருந்தால் அவரை நினைத்துக்கொள்ளும்படியும் சொன்னாள். கிழவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மருமகனை நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். நரம்பு சட்டென்று எழும்பியது.

இரண்டு டியூப் நிறைந்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது பையிலிருந்த செல்போன் துடித்தது. படியிறங்கும்போதுதான் எடுத்துப் பார்த்தாள். அவள் ரத்தம் எடுத்துக் கொடுக்கும் லேபிலிருந்து செய்தி. செல்லுபடியாகும் வண்டி இன்சூரன்ஸை வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆப்பில் ஏற்றாதவர்களுக்குச் சனிக்கிழமை முதல் வீடுகள் ஒதுக்கப்படாது. அன்று செவ்வாய். அவளுடைய பாலிசி முடிவதும் அதே வெள்ளிக்கிழமைதான்.

காலை ஐந்தரையிலிருந்து பத்து மணிக்குள் பதினான்கு வீடுகள் அவளுக்கு. எல்லாரும் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள். பத்து நிமிடம் தாமதமானால் லேபுக்குப் போன் போய்விடும். வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. வண்டி அவளுடையது, பெட்ரோல் அவளுடையது, மழைக்கோட்டும் அவளுடையது. பின்சீட்டில் கட்டிய குளிர்பெட்டி மட்டும் லேபுடையது. அதன் நாலு பக்கமும் லேபின் பெயரும் போன் நம்பரும் தூரத்திலிருந்தே தெரியும்படி ஒட்டியிருந்தார்கள்.

வண்டி முதலில் தம்பியுடையதாக இருந்தது. இந்த வட்டாரத்து வேலையும் அப்படித்தான். லேபில் சேர்ந்து நாலு வருஷம் ஓட்டினான். அவளும் அதே லேபுக்குப் பக்கத்து வட்டாரத்தில் ஓட்டினாள், ஒரு பழைய ஸ்கூட்டரில். போன வருஷம், நின்றிருந்த கார் ஒன்றின் கதவு திடீரென்று திறந்ததில் அடிபட்டு விழுந்தான். தொடையெலும்பு இரண்டாக உடைந்தது. கார்க்காரர் நிற்கவில்லை. பாலிசி இருக்கிறது, கவலையில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் இருவரும் பேசிக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் ஆள் வந்து வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனார். எல்லாப் படத்திலும் லேப் பெயரோடு பெட்டி பதிந்திருந்தது. சொந்த உபயோகத்துக்கென்று பாலிசி எடுத்த வண்டி வியாபார உபயோகத்தில் இருந்ததால் தொகை கொடுக்க இயலாது என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. லேபில் கேட்டதற்கு, அது அவனுடைய சொந்த வண்டிதானே என்றார்கள்.

தொடைக்குள் கம்பி வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து அதை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்கூட்டரை விற்றுத் தம்பியின் வண்டியைச் சரிசெய்து அவள் ஓட்டத் தொடங்கினாள். கம்பியை எடுப்பதற்கென்று தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வந்தாள்.

சாம்பிள்களை லேபில் ஒப்படைத்துவிட்டு, ஜெராக்ஸ் கடையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டிடம் போனாள். அவர் வண்டி நம்பரைத் தட்டிக்கொண்டே, வண்டி எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டார். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறேன் என்றாள். ஏஜெண்ட் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"அக்கா, நீங்க இப்ப சொன்னது என் காதுல விழல. மறுபடி கேக்கிறேன். கடைக்குப் போக வர, கோயில் குளம் போக, அப்படித்தானே?"

"அப்படிப் போட்டா, நாளைக்கு நான் விழுந்தா பணம் வருமா?"

"விழாம ஓட்டுங்க."

சொந்த உபயோகத்துக்கு அவர் சொன்ன விலை குறைவுதான். போன வருஷத்தைவிடவும் குறைவு. ஹெல்மெட் ஒன்று இலவசம் என்றார். உண்மையைப் போட்டால் எவ்வளவு என்று கேட்டாள். அந்த வியாபார உபயோகப் படிவத்தை இதுவரை தான் திறந்ததே இல்லை என்று அவர் சிரித்தார். சிரிப்பில் கேலி இல்லை. நிஜமாகவே திறந்ததில்லை போலிருந்தது.

தம்பி வீட்டிலிருந்தபடியே பாலிசி வேட்டையைத் தொடங்கியிருந்தான். காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பெனியாகப் போன் போட்டு, விலைகளை எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான். ஆறு கம்பெனி ஆகியிருந்தது. எந்தக் கம்பெனி எத்தனை நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்திருந்தான். ஏழாவதை அவள் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் குரல், தேன் தடவியது போல, சொந்த உபயோகமா வியாபார உபயோகமா என்றது. தம்பி பொறுமையாக விளக்கினான். கடை இல்லை, சரக்கு இல்லை. வேலைக்காக வீடு வீடாகப் போக வேண்டும், பின்னால் ஒரு பெட்டி இருக்கும். பெட்டியில் என்ன என்று குரல் கேட்டது. சாப்பாடு என்றால் அதற்கென்று ஒரு பிளான் இருக்கிறதாம். துணிமணி, பார்சல் என்றால் வேறொன்று. ரத்தம் என்றான். மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டுப் போனது குரல்.

திரும்பி வந்து, "சாரி சார், ரத்தத்துக்கு எங்ககிட்ட பிளான் இல்ல" என்றது.

தம்பி உறையில் எழுதிக்கொண்டான். "நம்ம ரத்தத்துக்குத்தான் விலையில்லைன்னு நினைச்சேன். ஊரார் ரத்தத்துக்கும் இல்லையாம்க்கா" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கால் கட்டிலிலிருந்து இறங்கும்போது முகம் ஒரு கணம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடைசி வீட்டை முடித்ததும் ஒரு பெரிய கம்பெனியின் கவுண்டருக்கே நேராகப் போனாள். கண்ணாடிக் கதவு, டோக்கன் இயந்திரம், குளிர்ந்த நாற்காலிகள். முக்கால் மணி நேரம் கழித்து அவள் எண் வந்தது. கவுண்டரில் இருந்த அம்மாள் பணி ஓய்வு பெறும் வயதில் இருந்தார். சங்கிலியில் கோத்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டார். தம்பிக்கு வந்த இரண்டு வரிக் கடிதத்தையும் வாங்கிப் படித்தார். எழுதியது வேறு கம்பெனி. ஆனாலும் படித்து முடித்து அதை மடித்தபோது, தாமே எழுதியது போல அவர் முகம் வாடியிருந்தது.

உண்மையான படிவத்தை அவர் திறந்தார். ஏஜெண்ட் சொன்னதைப் போல நாலு மடங்கு விலை வந்தது. அவளுடைய பதினேழு நாள் கூலி.

"தனியா எடுத்தா இப்படித்தாம்மா வரும்" என்றார் அந்த அம்மாள். "உங்க லேபே எல்லாருக்கும் சேர்த்து எடுக்கட்டும். எத்தனை பேர் இருக்கீங்க, இருபத்திரண்டா? சாதாரணப் பாலிசியைவிடத் தலைக்குக் கொஞ்சம்தான் கூட ஆகும். வேலை அவங்களோடது. அவங்கதான் எடுக்கணும். போய்க் கேளுங்க."

கணக்கைத் தாளில் அச்செடுத்து, முத்திரை வைத்துக் கொடுத்தார். அதை மடிக்க மனமில்லாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. வழியில் நிறுத்தி ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை சாம்பிள் ஒப்படைக்கும் அறையில் தாளைக் கையில் கொடுத்துச் சுற்றவிட்டாள். டியூப்களை எண்ணி அடுக்கியபடியே ஒவ்வொருவராகப் படித்தார்கள். எல்லாரிடமும் சொந்த உபயோகப் பாலிசிதான் இருந்தது. எல்லாருக்கும் தம்பியின் கதை தெரியும். அவர்களில் மிக உயரமான, நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் ஆள், மேனேஜரிடம் கேட்கும்போது தானும் கூட வருவதாகச் சொன்னான். ஒன்பது பேர் வந்தார்கள். மேனேஜர் அவளைவிட வயதில் சிறியவர். தாளை மரியாதையாக வாங்கிக்கொண்டார். இவ்வளவுதான் கூட ஆகுமா என்று ஆச்சரியப்பட்டார். நல்ல யோசனை, மேலே பேசுகிறேன் என்றார். வெளியே வந்ததும் நெட்டை அவள் பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் கட்டிக்கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். மேசை மேல் ஒரு கட்டுத் தாளும், ஒரு பேனாவும், காய்கறிப் படம் அச்சடித்த புதுத் துணிப்பைகளும் இருந்தன.

மேனேஜர் பேசினார். உங்கள் பிரச்சினையை மேலே சொன்னேன், வக்கீலிடமே கேட்டிருக்கிறார்கள் என்றார். சிக்கல் எல்லாம் பெட்டியால்தான் வருகிறது. இனி பெட்டியில் லேப் பெயர் இருக்காது. இன்றே சுரண்டி எடுத்துவிட வேண்டும். பெட்டியைப் பின்சீட்டில் கட்டாமல் இந்தப் பைக்குள் வைத்து ஹேண்டிலில் மாட்டிக்கொள்ளலாம். பார்ப்பவர்களுக்குக் கடைக்குப் போய் வருவது போல இருக்கும். எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் கிளெய்மைத் தள்ள முடியாது. அப்புறம் ஒரு சின்னக் கையெழுத்து.

தாளில் இருந்ததை நெட்டை வாய்விட்டுப் படித்தான். என் வண்டியை என் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே ஓட்டுகிறேன். என் வசதிக்காக, என் விருப்பப்படி பயணம் செய்கிறேன். வழியில் ஏற்படும் எதற்கும் லேப் பொறுப்பல்ல.

ஒருவன் துணிப்பை ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மேசையில் வைத்தான்.

"உங்க நல்லதுக்குத்தான் செய்யறோம்" என்றார் மேனேஜர்.

"எங்க நல்லதுக்குன்னா கையெழுத்து நீங்கதானே சார் போடணும்" என்றாள் அவள். "விழுந்தா நாங்க பாத்துக்கறோம்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. போதும்."

மேனேஜர் பேனாவை மேசை விளிம்புக்குத் தள்ளிவைத்தார். சனிக்கிழமைக்கான வீடுகள் கையெழுத்து வந்த வரிசையில் ஒதுக்கப்படும் என்று பொதுவாகச் சொன்னார். முதலில் போனது புதிதாகக் கல்யாணமான ஒருவன். அவனுக்குப் பின்னால் இருவர். பிறகு வரிசையாகவே ஆகிவிட்டது. நெட்டை கடைசி மூன்று பேரில் ஒருவனாக நின்று, பேனாவை வாங்கியபோது அவள் பக்கம் திரும்பாமல், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது என்றான். சுவரோரம் உட்கார்ந்து பிளேடால் எழுத்துகளைச் சுரண்டினார்கள். சுரண்டிய துணுக்குகள் முற்றம் முழுக்கப் பறந்தன. அவள் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போனாள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டான். எழுந்து நொண்டிக்கொண்டே போய், அலமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்த பணத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தான்.

"இது கம்பிக்கு வச்சது" என்றாள்.

"கம்பி எங்கயும் ஓடிப்போகாது. சரியான பாலிசி கையில இருந்தா அவங்க தாளுக்கு நீ எதுக்குக் கையெழுத்துப் போடணும்? இன்சூரன்ஸ்தானே கேட்டாங்க. முதல் தரமா ஒண்ணைக் கொண்டுபோய் மூஞ்சிக்கு நேரா நீட்டு."

கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். மூக்குக்கண்ணாடி அம்மாள், லேப் எடுக்கவில்லையா என்று மட்டும் கேட்டார். பிறகு தட்டத் தொடங்கினார். உபயோகம் என்ற இடத்தில், பரிசோதனைக்கூட வேலைக்காக வீடு வீடாகச் சென்று ரத்த மாதிரி எடுத்து வருதல் என்று முழுதாக அடித்தார். வாசித்தும் காட்டினார்.

ஐந்தே முக்காலுக்கு ஆப்பில் ஏற்றினாள். ஆறு மணிக்குச் சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அதே குறி. மேனேஜருக்குப் போன் போட்டாள்.

அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "அக்கா, இதுல லேப் வேலைக்குன்னே எழுதியிருக்கு. நாளைக்கு வேற யாராவது விழுந்தா, இந்தத் தாளைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் தூக்கிக் காட்டுவான். இது எங்க ஃபைல்ல இருக்கவே கூடாது. சொந்த உபயோகம்னு மாத்தி வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே வீடு போட்டுத் தர்றேன்."

"நான் போறது உங்க வேலைக்குத்தானே சார்?"

"அது எனக்கும் தெரியும் அக்கா" என்றார் அவர்.

சனிக்கிழமை வானம் வெளுக்கும்போதே லேபுக்குப் போனாள். நேரில் நின்று கேட்டால் ஒருவேளை கொடுப்பார்கள் என்று தோன்றியது. மேனேஜர் எட்டு மணிக்குமேல்தான் வருவாராம். மற்றவர்கள் உள்ளேயிருந்து ஐஸும் டியூப்களும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். சிலர் தலையசைத்தார்கள். சிலர் செல்போனைப் பார்த்தபடி கடந்தார்கள். அவளுடைய பதினான்கு வீடுகளும் ஏழு பேருக்கு இரண்டு இரண்டாகப் பிரிந்திருந்தன.

இருபத்தொரு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஹேண்டிலில் தொங்கிய பைகள் திருப்பத்தில் முழங்காலில் இடித்தன. ஒருவன் நிலை தடுமாறி, காலை ஊன்றிச் சமாளித்து, பையைச் சரிசெய்துகொண்டு போனான். தக்காளியும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் அச்சடித்த துணிக்கு அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி, கேட் வரைக்கும் கோடு போட்டிருந்தது.

முற்றம் காலியானதும் காவலாளி அவளிடம் வந்தார்.

"அம்மா, இது வேலை செய்யறவங்க வண்டி நிறுத்துற இடம்" என்றார். "உங்க வண்டியை வெளிய வைக்கச் சொல்லியிருக்காங்க."

அவள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, எஞ்சினைப் போடாமல், அந்த ஈரக் கோட்டின் மேலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் வெளியேறியதும் காவலாளி கேட்டைச் சாத்தினார்.