கொக்கு என்று சொன்னவன்

1

இந்தக் கதை ஒரு பெட்டியில் வந்தது. நகைப்பெட்டி என்றே நினைத்தேன். மெல்லிய தாளைப் பிரித்தால் உள்ளே ஒரு ஜோடி காலுறை, கணுக்கால் பக்கம் ஒரு பறவை. கொடுத்தது யார் என்பது கதைக்குத் தேவையில்லை. (தேவைப்படும். கொஞ்சம் தைரியம் வரட்டும்.)

2

முதல் வரி: "மழை பெய்துகொண்டிருந்த காலையில் அவள்..."

வேண்டாம். காலுறைக் கதையில் மழையை விட்டால் எல்லாம் நனைந்துவிடும்.

இரண்டாவது: "கட்டம் போட்ட தாளில் அவள் ஒரு வாத்தைப் பட்டினி போட்டாள்."

இது இருக்கட்டும். அவள் காலுறை வடிவமைப்பாளர். பின்னல் இயந்திரங்கள் தடதடக்கும் கூடத்துக்கு மேல்மாடியில் அவள் அறை. எட்டு வருடமாக அவளுடைய ஒவ்வொரு காலுறையிலும் அந்த வாத்து உண்டு. தாளில் அதை ஒல்லியாகத்தான் வரைவாள். காலில் ஏறியதும் பின்னல் பக்கவாட்டில் விரியும்; அப்போதுதான் வாத்துக்குச் சதை பிடிக்கும். எந்த இடத்தில் எவ்வளவு விரியும் என்பது அவளுக்கு மனப்பாடம். மாட்டிப் பார்ப்பதற்கென்று மேசையில் ஒரு மரக்கால் வைத்திருந்தாள்.*

* இந்த மரக்கால் பொய். திருத்தம் பின்னால் வரும்.

சமீபமாக விற்பனை படுத்துவிட்டது. பெரிய கடை ஒன்றின் கொள்முதல் அதிகாரி, சரக்கின் தோற்றத்தை அடியோடு மாற்றி எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். அந்தக் கடையும் கைவிட்டால் கீழே இயந்திரங்களை நிறுத்த வேண்டியதுதான். புதுப் பெயர், புதுப் பெட்டி, அதில் நாலு நல்ல வார்த்தை என்று எல்லாவற்றுக்கும் அவள் ஒரு பிராண்டு நிபுணரைப் பிடித்தாள்.

3

நிபுணர் பெட்டியைத் திறந்தார். சிரித்தார்.

"என்னது இது, சோறு தண்ணி இல்லாத கொக்கா?"

"வாத்து. போட்டுப் பாருங்க."

அவர் போட்டுப் பார்க்கவில்லை. விலை உயர்ந்த பொருளில் பஞ்சத்தில் அடிபட்ட பறவை இருக்கலாமா என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஆள் வைத்துக் கொழுகொழுவென்று புது வாத்து வரையச் சொல்லி, பெட்டி வரைக்கும் அச்சடித்துவிட்டார். மாதிரி ஜோடி பின்னி வந்தது. பெட்டிக்குள் வாத்து கண்ணைப் பறித்தது. காலில் மாட்டினால் பூசணிக்காய்க்கு மூக்கு முளைத்த மாதிரி இருந்தது. அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இங்கேதான் பேனா நின்றுவிட்டது. ஏன் சொல்லவில்லை? மூன்று முறை அவளைப் பேசவைத்தேன், மூன்றும் நாடக வசனம். ஒரு தடவை சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவரிடம் இரண்டாம் தடவை சொல்ல அவளுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

4

முடிவுகள்:

(அ) அதிகாரி பெட்டியை மட்டும் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போடுகிறார். ஊரெல்லாம் பூசணிக்காய் நடமாடுகிறது. எட்டு வருடப் பெயர் ஒரே மாதத்தில் நாறுகிறது.

(ஆ) அதிகாரி போட்டுப் பார்க்கிறார். நிபுணர் அசடு வழிகிறார். அவள் பழைய ஜோடியை எடுத்து நீட்ட, எல்லோரும் கைதட்டுகிறார்கள். இது விளம்பரப் படம். தவிர, இதில் என் மானம் போகிறது.

என் மானமா? சரி, மாட்டிக்கொண்டேன்.

5

அந்த நிபுணர் நான்தான். அவள் என் தங்கை. நாலு கதை எழுதியவன், பெட்டிக்கு நாலு வரி எழுதமாட்டானா என்று நம்பிக் கூப்பிட்டாள். "போட்டுப் பாருண்ணா" என்றாள். நான் பெட்டியை மூடினேன். மூன்று வாரமாக என்ன கேட்டாலும் "சரி" என்று ஒரே சொல்லில் செய்தி அனுப்புகிறாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. இந்தச் "சரி" என்னைத் தின்கிறது.

மரக்கால் திருத்தம்: அவளிடம் மரக்கால் கிடையாது. ஆரம்பத்தில் சமையலறை முக்காலியில் என்னை ஏற்றி நிறுத்தி, பாதி பின்னிய காலுறையை மாட்டிவிட்டு, கணுக்காலைச் சுற்றிக் கண்ணி கண்ணியாக எண்ணுவாள். கூச்சத்தில் நான் நெளிவேன். "ஆடாம நில்லுண்ணா, எண்ணிக்கை போச்சு" என்று தொடையில் ஒன்று வைப்பாள். எட்டு வருடத்து வாத்துகள் எல்லாம் என் காலுக்கு வரைந்தவை. இது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

இன்று காலை அந்தப் பழைய ஜோடியைப் போட்டுப் பார்த்தேன். கொக்கு மெல்ல விரிந்து, வயிறு வைத்து, வாத்தாகிக் கணுக்கால் எலும்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. விரலை அசைத்தால் வாலை ஆட்டுகிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

6

நாளை வியாழன். நாலு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதனால் இந்தக் கதையை முடிக்காமலே அவளுக்கு அனுப்புகிறேன். வாசகரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதன் முடிவு உங்கள் கையிலும் இல்லை.

தங்கச்சி, நாளைக்குப் பத்து மணிக்கு அந்தக் கடை வாசலில் நிற்பேன். பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டுதான் வருவேன். நீ உள்ளே கூப்பிட்டால் வருகிறேன். எந்த மேசைமேல் ஏறச் சொன்னாலும் ஏறி, இந்தத் தடவை ஆடாமல் நிற்கிறேன்.

தயவுசெய்து "சரி" என்று மட்டும் பதில் போடாதே.